ஹெலிகோப்ரியான்: கல்லில் உள்ளதும் படத்தில் உள்ளதும்

உயிரோடு உள்ள யானையை ஓவியர் ஒருவர் தவறாக வரைந்தால் பள்ளிச் சிறுவனும் அதைக் கண்டுபிடித்துவிடுவான். ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் திரிந்த மீனைத் தவறாக வரைந்தால் யார் கேட்பது? மறைந்துபோன விலங்குகளின் படங்கள் அதனால்தான் அவ்வளவு எளிதாக நம்மை நம்பவைத்துவிடுகின்றன. ஹெலிகோப்ரியான் என்னும் மீனின் படங்கள் இதற்குத் தக்க சான்று. 1899ஆம் ஆண்டு முதல் இந்த ஒரே மீனுக்கு வரையப்பட்ட உருவங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், இவை யாவும் ஒரே விலங்கு என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஒன்றில் மூக்கின்மேல் பற்சுருள், மற்றொன்றில் முதுகில், வேறொன்றில் வாலில், பிறகு கீழ்த்தாடையின் நுனியில், அதன்பின் தொண்டைக்குள்.

இப்படங்களை ஓவியங்களாக அல்லாமல் அறிவியல் கூற்றுகளாக எடுத்துக்கொண்டு மதிப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். இயற்பியல் கற்பிப்பவனுக்கு மீனில் என்ன வேலை என்று கேட்கலாம். நெம்புகோல், நீரின் தடை, எக்ஸ் கதிர் ஆகிய மூன்றும் இக்கதையில் வருகின்றன. அந்த அளவுக்கு எனக்கும் பேச இடம் உண்டு.

கிடைத்தது என்ன?

சுறா, திருக்கை போன்ற மீன்களின் சட்டகம் எலும்பால் ஆனதன்று, குருத்தெலும்பால் ஆனது. சேற்றில் புதையும் குருத்தெலும்பு பெரும்பாலும் அழுகி மறைந்துவிடும். பற்கள் மட்டும் கல்லாகி நிலைக்கும். ஆகவே பழங்காலக் குருத்தெலும்பு மீன்களில் பலவற்றை நாம் பற்களைக் கொண்டே அறிகிறோம். சாவியை வைத்துக்கொண்டு வீட்டின் வரைபடத்தைப் போடுவது போன்ற வேலை இது.

ஹெலிகோப்ரியானின் சாவியோ விந்தையானது. பற்கள் தனித்தனியே கிடைக்கவில்லை. முக்கோண வடிவில், ஓரங்களில் நுண்ணிய அரம் போன்ற பற்சிதைவுகளுடன், நூற்றுக்கு மேற்பட்ட பற்கள் ஒரே தளத்தில் வரிசையாக நின்று, கடிகாரத்தின் வில்சுருள் போலச் சுருண்டிருக்கின்றன. அவற்றின் வேர்கள் அடியில் ஒன்றோடொன்று இணைந்து ஒரே பட்டையாகிவிட்டன. மையத்தில் உள்ள பற்கள் மிகச் சிறியவை. வெளிச்சுற்றுக்கு வர வர அவை பெரிதாகின்றன. கிரேக்க மொழியில் ‘சுருள் ரம்பம்’ என்னும் பொருள்பட அமைந்த பெயர் இதனால் வந்ததே.

இச்சுருளைப் பார்ப்பவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது மீன் அன்று. அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரிதான். நம் வீடுகளில் பூசையில் வைக்கப்படும் சாளக்கிராமக் கற்களில் காணும் சுருள், அம்மோனைட்டின் புதைபடிவமே. ஹெலிகோப்ரியானின் சுருளும் அதே குடும்பத்து வடிவந்தான்: ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பெருகும் மடக்கைச் சுருள். உருவம் மாறாமல் அளவு மட்டும் பெருக வேண்டிய உறுப்புகள் பலவற்றில் இயற்கை இவ்வடிவத்தைக் கையாளுகிறது. ஆதலின் வடிவத்தை மட்டும் பார்த்து உறவு சொல்லக்கூடாது என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

பல்லை உதிர்த்துப் புதிய பல்லை முளைக்கவிடுவது சுறாக்களின் வழக்கம். கடற்கரை மணலில் சுறாப் பற்கள் கிடைப்பது இதனால்தான். ஹெலிகோப்ரியான் எதையும் உதிர்க்கவில்லை. புதிய பல் பின்னால் முளைக்க முளைக்க, பழைய பற்கள் முன்னோக்கி நகர்ந்து, கீழே இறங்கி, சுருளின் உட்பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. குட்டியாக இருந்தபோது கொண்டிருந்த பல்லும் மையத்தில் பத்திரமாக இருக்கிறது. தன் வாழ்நாள் முழுவதையும் பல்லில் எழுதி வைத்திருந்த விலங்கு இது. ஆனால் அந்த ஏட்டை உடம்பில் எங்கே வைத்திருந்தது என்பதுதான் நூறாண்டு வழக்காயிற்று.

மூக்கின்மேல் ஒரு சுருள்

1886ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் கிடைத்த இத்தகைய பல் துண்டு ஒன்றை ஹென்றி உட்வர்ட் என்னும் ஆங்கில அறிஞர் விவரித்து, ஏற்கெனவே அறியப்பட்டிருந்த எடெஸ்டஸ் என்னும் வேறொரு மீனின் இனத்தில் சேர்த்தார். முழுச்சுருள் வெளிச்சத்துக்கு வந்தது ரஷ்யாவில். யூரல் மலைப் பகுதியில் உள்ள கிராஸ்னௌஃபிம்ஸ்க் என்னும் ஊரின் பக்கத்தில் கிடைத்த படிவங்களை ஆராய்ந்து, அலெக்சாண்டர் கார்ப்பின்ஸ்கி 1899இல் பெரிய ஆய்வுநூல் ஒன்றை வெளியிட்டார். ஹெலிகோப்ரியான் என்று பெயரிட்டவர் அவரே. பின்னாளில், 1917 முதல் 1936 வரை, ரஷ்ய அறிவியல் கழகத்தின் தலைவராக விளங்கிய பெரும் நிலவியலார் அவர்.

அந்நூலில் அவர் வரைந்த உருவம் இன்று சிரிப்பை உண்டாக்கும். மீனின் மேல்தாடை முன்னே நீண்டு, யானை துதிக்கையை உயர்த்திச் சுருட்டியதுபோல மேல்நோக்கிச் சுருண்டு நிற்கிறது. அதன் வெளிவிளிம்பில் பற்கள். அன்றைக்கே இதை ஏற்காதவர்கள் இருந்தனர். அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஈஸ்ட்மன் கார்ப்பின்ஸ்கியின் ஆய்வை மதித்தார்; அவர் போட்ட படத்தை மட்டும் ஏற்கவில்லை. இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஒரு நூலை மதித்துக்கொண்டே அதில் உள்ள படத்தை மறுக்கலாம் என்பது விமரிசனத்தின் அடிப்படைப் பண்பு.

கார்ப்பின்ஸ்கியின் படத்தில் இயற்பியல் கண்ணுக்கு உறுத்துவது எது? நீளமான ரம்பம் மூக்கில் இருப்பதே தவறு என்று சொல்வதற்கில்லை. வேளா மீன் தன் மூக்கில் பல் வைத்த வாளைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறது. ஆனால் அந்த வாள் கிடைமட்டமாக, தட்டையாக இருக்கிறது. வேளா தலையைப் பக்கவாட்டில் வீசும்போது வாளின் மெல்லிய விளிம்பே நீரை வெட்டிச் செல்கிறது. சம்மட்டித் தலையுள்ள சுறாவின் அகன்ற தலையும் அவ்வாறே கிடைமட்டத்தில் விரிந்தது. கார்ப்பின்ஸ்கியின் சுருளோ செங்குத்தாக நிற்கிறது. நேராகப் போகும்போது தொல்லை இல்லை. ஆனால் மீன் உடலையும் தலையையும் பக்கத்துக்குப் பக்கம் அசைத்தே நீந்துகிறது. அப்போது சுருளின் அகலமான முகம் முழுவதும் நீரைத் தள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய சுருள்கள் சில ஏறத்தாழ அரை மீட்டர் குறுக்களவு உடையவை. அத்தகைய வட்டத்தட்டின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். தலை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் அசைந்தால், அத்தட்டின்மேல் நீர் செலுத்தும் தடைவிசை சுமார் 110 நியூட்டன், அதாவது 11 கிலோகிராம் எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அதுவும் மூக்கின் நுனியில், கழுத்திலிருந்து மிகத் தொலைவில். ஒவ்வொரு வாலடிக்கும் இந்தச் சுமையைத் தள்ளிக்கொண்டே இரை தேடும் மீன் நெடுநாள் நிலைத்திருக்காது. இது மறுப்பாகிவிடாது, ஐயத்துக்கு நல்ல காரணம், அவ்வளவே.

ஆயினும் கார்ப்பின்ஸ்கியின் படத்தைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லியாக வேண்டும். அது சில கோடுகளால் ஆன எளிய வரைபடம். அதில் கடலும் இல்லை, பாறையும் இல்லை, தோலின் பளபளப்பும் இல்லை. பார்ப்பவர்க்கு அது ஒரு கருத்து என்பது உடனே புலப்படும். நூலின் பெரும்பகுதி பற்களின் அமைப்பைப் பற்றியது. அப்பகுதி இன்றும் மதிப்புக் குறையாமல் நிற்கிறது. தவறான படம் ஒன்று நேர்மையான படமாகவும் இருக்கலாம்.

முதுகு, வால், தாடையின் நுனி

மூக்கு பொருந்தாது என்றதும் சுருள் உடம்பெங்கும் பயணம் போகத் தொடங்கிற்று. முதுகுத் துடுப்பில் வைத்தவர் உண்டு. வாலில் வைத்தவர் உண்டு. இது பகைவரைத் தடுக்கும் ஆயுதம் என்பது அவர்கள் எண்ணம். திருக்கையின் வால்முள்ளிலும் பல் இருக்கிறதே என்று ஒப்புமை காட்டலாம். ஆனால் ஆயுதத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சில முட்கள் போதும். உள்சுற்றுகளில் புதைந்து, எவரையும் குத்த இயலாத பல பத்துப் பற்களை ஏன் சுமந்து திரிய வேண்டும்? இக்கேள்விக்கு அப்படங்களில் விடை இல்லை.

திருப்பம் வந்தது எடெஸ்டஸ் வழியாக. இந்த உறவு மீனுக்கு முழுச்சுருள் இல்லை; வளைந்த கத்தி போன்ற பல்வரிசை உண்டு. 1912இல் ஆலிவர் ஹே என்னும் அமெரிக்க ஆய்வாளர் விவரித்த மாதிரியில், மேலும் கீழுமாக இரண்டு பல்வரிசைகள் ஒருங்கே கிடைத்தன. இத்தகைய பற்களின் இடம் வாய்தான், அதுவும் தாடையின் நடுக்கோட்டில்தான் என்பது இதனால் வலுப்பெற்றது. ஊகம் ஊகத்தை வெல்லவில்லை. ஒரு கல் வென்றது.

ஆனால் வாய்க்குள் எந்த இடம்? இங்கேதான் ஓவியர்களின் பொற்காலம் தொடங்குகிறது. நீண்ட கீழ்த்தாடையின் முன்நுனியில் சுருளை வைத்து, அது கீழ்நோக்கி வெளியே தொங்குவதுபோல வரைந்த படங்கள் பல ஆண்டுகள் நூல்களில் உலவின. உடல் முழுவதும் இன்றைய சுறாவின் உடல். முகத்தில் மட்டும் ரம்பச் சக்கரம். பார்ப்பதற்கு மிடுக்கான உருவம். அதனால்தான் அது அவ்வளவு நாள் வாழ்ந்தது என்று நினைக்கிறேன்.

நெம்புகோலை வைத்துப் பார்த்தால் இப்படத்தின் மிடுக்குக் குறைந்துவிடும். தாடை மூன்றாம் வகை நெம்புகோல். மூட்டு ஆதாரம், தசை அதன் பக்கத்தில் இழுக்கிறது, பல் தொலைவில் கடிக்கிறது. எடுத்துக்காட்டாக, தசை மூட்டிலிருந்து 10 செ.மீ. தொலைவில் இழுப்பதாகக் கொள்வோம். 40 செ.மீ. தொலைவில் உள்ள பல்லுக்கு அந்த இழுவிசையின் கால்பங்குதான் கிட்டும். 15 செ.மீ. தொலைவில் உள்ள பல்லுக்கு மூன்றில் இரண்டு பங்கு கிட்டும். பாக்கை முன்பல்லால் கடிக்காமல் கடைவாய்க்குத் தள்ளுகிறோமே, காரணம் அதுதான். வலிமையான வெட்டுக்கருவி முழுவதையும் தாடையின் கடைசி நுனியில் கொண்டுபோய் வைப்பது, கத்தரிக்கோலின் நுனியால் கயிற்றை வெட்ட முயல்வதற்கு ஒப்பாகும்.

இதைவிட வலுவான சான்று பற்களிலேயே இருந்தது. வெளியே தொங்கிக் கடல்தரையிலும் இரையின் ஓட்டிலும் உரசிய பற்களில் தேய்மானமும் கீறலும் இருக்க வேண்டும். ஹெலிகோப்ரியானின் பற்களிலோ தேய்மானம் மிகக் குறைவு. ஓவியர்கள் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்வது முறையன்று. அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

தொண்டைக்குள் தள்ளப்பட்ட சுருள்

தேய்மானம் இல்லை என்ற இதே உண்மையிலிருந்து மறுகோடிக்குப் போன படமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடல் மண்டபத்திற்காக ஆக்கப்பட்ட உருவத்தில், பற்சுருள் வெளியே தெரியவே இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. பல் தேயவில்லை என்றால் அது முதலில் கடிக்கும் பல் அன்று. உள்ளே வந்த இரையைச் சிதைக்கும் பல்லாகவே இருக்க வேண்டும் என்பது அதன் பின்னிருந்த வாதம்.

இப்படத்தை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. மதிப்பதற்குக் காரணம், மிடுக்கைக் கைவிட்டுச் சான்றை முன்வைத்தது. மீனின் மிகப் புகழ்பெற்ற உறுப்பை மறைத்து வரைய ஓர் அருங்காட்சியகம் துணிந்ததே, அது பெரிது. ஏற்காததற்குக் காரணம், சான்றுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டது. அந்த மற்றொன்று 1966 முதல் அச்சில் இருந்தது.

1950இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மான்ட்பிலியர் என்னும் ஊருக்கு அருகில் உள்ள வாட்டர்லூ பாஸ்பேட் சுரங்கத்தில் ஒரு கல் கிடைத்தது. உரத்துக்காகத் தோண்டும் இச்சுரங்கங்களே ஹெலிகோப்ரியானின் களஞ்சியம். உலகில் கிடைத்த சுருள்களில் பாதிக்கு மேல் ஐடஹோவைச் சேர்ந்தவை. ‘ஐடஹோ 4’ என்று அழைக்கப்படும் இந்தக் கல்லில் 23 செ.மீ. குறுக்களவுள்ள சுருளும், அதில் 117 பற்களும் உள்ளன. அதைவிட அரிய செய்தி, சுருளைச் சுற்றிக் குருத்தெலும்பின் பகுதிகளும் கல்லாகியிருந்தன. டென்மார்க் நாட்டுத் தொல்லுயிரியல் அறிஞர் பெண்டிக்ஸ் ஆல்ம்கிரீன் இதை ஆராய்ந்து, சுருள் கீழ்த்தாடையின் நடுக்கோட்டில் இருந்தது என்று 1966இல் எழுதினார். குருத்தெலும்புகள் நசுங்கிக் கலைந்திருந்தமையால் அவர் சொன்னது எல்லோரையும் நம்பவைக்கவில்லை. எனினும், சுருளோடு ஒட்டிக்கொண்டு தாடை கிடைத்திருக்கும்போது, சுருளைத் தாடையை விட்டுத் தொண்டைக்குக் கொண்டுபோக வேண்டுமானால், அந்தத் தாடை எப்படி அங்கே வந்தது என்று சொல்லியாக வேண்டும் அல்லவா?

இவ்விடத்தில் ரே டிரால் என்னும் ஓவியரைக் குறிப்பிடாமல் போவது நன்றியன்று. அலாஸ்காவில் வாழும் இவர் 1990களில் இச்சுருளை ஓர் அருங்காட்சியகத்தில் கண்டு மயங்கி, இது எங்கே இருந்தது என்று அறிஞர்களைத் தேடித்தேடிக் கேட்டார். பெண்டிக்ஸ் ஆல்ம்கிரீனையும் தொடர்பு கொண்டார். அவருடைய படங்கள் வேடிக்கையும் குறும்பும் நிறைந்தவை. அறிவியல் வரைபடம் என்று எவரும் மயங்கமாட்டார்கள். ஆனால் வரையுமுன் கேட்டார் என்பதே அவரைப் பலரினும் உயர்த்துகிறது.

கல்லின் உள்ளே

வழக்கு ஒருவாறு முடிந்தது 2013இல். ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லீஃப் டபனிலாவும், அப்போது மாணவராக இருந்த ஜெஸ்ஸி புரூயிட்டும், அவர்களோடு மீன்களின் உடலமைப்பில் வல்ல மற்றும் சிலரும், ‘ஐடஹோ 4’ கல்லை உடைக்காமல் உள்ளே பார்க்க முடிவு செய்தனர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் ஆய்வகத்தில் அதை சி.டி. ஸ்கேன் செய்தனர்.

மருத்துவமனையில் நடப்பது போன்றதே இதுவும். எக்ஸ் கதிர் பொருளின் ஊடே செல்லும்போது அதன் செறிவு குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பது பொருளின் தடிமன், அடர்த்தி, அதில் உள்ள தனிமங்களின் அணு எண் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரே திசையில் எடுத்த படத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிழலாக விழுந்துவிடும். பல திசைகளிலிருந்து எடுத்த நிழல்களைக் கணிப்பொறியில் சேர்த்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கதிரை விழுங்கிற்று என்று தெரிந்துவிடும். பொருளைத் துண்டு துண்டாக அறுத்துப் பார்த்ததற்கு அது சமம். இம்முறையை உருவாக்கிய கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு ஆகிய இருவருக்கும் 1979இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. சுறாவகை மீன்களின் குருத்தெலும்பின் மேற்பரப்பில் சுண்ணச் சத்து சிறு சிறு வில்லைகளாகப் படிந்திருக்கும். அப்படிவு கல்லானபின் சுற்றியுள்ள பாறையிலிருந்து மாறுபட்டுத் தெரிந்தால் போதும். மற்றது கணக்கு வேலை.

கல்லுக்குள்ளிருந்து மேல்தாடையும் கீழ்த்தாடையும் வெளிப்பட்டன. சுருள் தாடையின் நுனியில் இல்லை, தொண்டையிலும் இல்லை. கீழ்த்தாடையின் நீளம் முழுவதையும் அதுவே நிரப்பிக்கொண்டிருந்தது. புதிய பெரிய பற்கள் மூட்டை ஒட்டிப் பின்னால். பழைய சுற்றுகள் தாடையின் உள்ளே புதைந்து. இரு பக்கமும் உதட்டுக் குருத்தெலும்பு அணைத்து, சுருள் சாய்ந்துவிடாமல் தாங்கிற்று. மேல்தாடை மண்டையோட்டோடு ஒன்றாக இணைந்துவிடவில்லை. கீழே உள்ள ரம்பத்துக்கு எதிராக மேலே பெரிய பற்கள் எவையும் காணப்படவில்லை.

தாடையின் அமைப்பு உறவையும் காட்டிற்று. ஹெலிகோப்ரியான் சுறா அன்று. இன்று ஆழ்கடலில் வாழும் கைமீரா என்னும் குருத்தெலும்பு மீன்களின் கிளைக்கே அது நெருங்கியது. ஒரு நூற்றாண்டுக் காலம் ஓவியர்கள் கேட்காமலே கொடுத்துவந்த சுறா உடல் இதனால் ஆதாரம் இழந்தது.

இதே குழுவினர் 2015இல் தாடையின் இயக்கத்தை மாதிரி அமைத்துக் கணக்கிட்டனர். வாய் மூடும்போது பற்கள் வில்போன்ற பாதையில் பின்னோக்கி நகர்கின்றன. முன்பற்கள் இரையைக் கொக்கிபோல் பற்றி உள்ளிழுக்க, நடுப்பற்கள் குத்திக் கிழிக்க, பின்பற்கள் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன என்பது அவர்கள் முடிவு. கணவாய் போன்ற மெல்லுடல் உயிரிகளே இதற்கேற்ற இரை. அவற்றைத் தின்றால் பல் தேயாது. தேய்மானப் புதிருக்குத் தொண்டைவரை போகத் தேவையில்லை என்று ஆயிற்று. நெம்புகோல் கணக்கும் ஒத்துவருகிறது: பெரிய பற்கள் மூட்டின் அருகில்.

அப்படியானால் எல்லாம் முடிந்ததா? 2013இல் ‘மர்மம் விலகியது’ என்ற தோரணையில் செய்திகள் வந்தன. சுருளின் இடத்தைப் பொறுத்தவரை அது நியாயமே. ஆனால் அம்முடிவின் அச்சாணி ஒரே ஒரு கல். அதன் சுருள் 23 செ.மீ.; பெரிய சுருள்கள் அதைப்போல் இருமடங்கு. இளமையில் உள்ள அமைப்பு முதுமையிலும் அவ்வாறே இருந்தது என்பது ஏற்கத்தக்க கருத்து. கண்டறிந்த செய்தி அன்று. 2015ஆம் ஆண்டு மாதிரியில் தசைகள் உள்ளன. கல்லில் தசை இல்லை. ஆய்வாளர்கள் இதை அறிந்தே எழுதியுள்ளனர். அவர்களுக்குப்பின் வந்த படங்களில்தான் இந்த வேறுபாடு காணாமற்போகிறது.

சுழலாத ரம்பம்

அப்படங்களில் மூன்று குறைகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். முதலாவது, பெயரால் வந்த வினை. ‘வட்ட ரம்பச் சுறா’ என்று பெயர் பரவியதால், மரம் அறுக்கும் பட்டறையில் உள்ள சக்கரம்போல எல்லாப் பற்களையும் ஒரே அளவில் வரைகிறார்கள். அசையும் படங்களில் அதைச் சுழலவும் விடுகிறார்கள். சுருளில் பற்கள் ஒரே அளவினவல்ல. சுருள் சுழன்றதும் இல்லை. புதிய பல் முளைக்கும் வேகத்தில், ஆண்டுக்கணக்கில், அது நகர்ந்தது. வெட்டும் இயக்கம் தாடை மூடுவதால் வந்ததேயன்றிச் சக்கரம் சுற்றியதால் வந்ததன்று. சக்கரத்தைச் சுழற்ற அச்சு வேண்டும். பற்சுருளோ அடியில் குருத்தெலும்போடு பொருந்தி நிற்கிறது.

இரண்டாவது, உடல். ஹெலிகோப்ரியானின் உடற்பகுதியோ துடுப்போ இதுவரை விவரிக்கப்பட்டதில்லை. ஆயினும் அதன் உறவு மீன்களான கேசியோடஸ், ஃபேடீனியா ஆகியவற்றின் உடல் படிவங்கள் கனடாவில் கிடைத்துள்ளன. அவற்றில் முதுகுத் துடுப்பு ஒன்றே. இடுப்புத் துடுப்புகள் காணப்படவில்லை. ஆகவே ஹெலிகோப்ரியானுக்கும் அவ்வாறே வரைவது காரணத்தோடு கூடிய ஊகம். இரண்டு முதுகுத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் வைத்து வரைவது வெறும் பழக்கம். இரண்டும் ஊகந்தான் என்றாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மூன்றாவது, அளவு. இம்மீனின் நீளம் 5 மீட்டர் முதல் 8 மீட்டர் வரை பலவாறு சொல்லப்படுகிறது. வேறுபாடு 3 மீட்டர்தானே என்று தோன்றும். எடை நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. 8ஐ 5ஆல் வகுத்து மும்மடி எடுத்தால் 4க்குச் சற்று மேல் வருகிறது. அதாவது இரண்டு படங்களில் உள்ள மீன்களின் எடை நான்கு மடங்கு வேறுபடும். ஒரு மாட்டுக்கும் நான்கு மாட்டுக்கும் உள்ள வேறுபாடு! உடலே கிடைக்காத மீனுக்கு, பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்தி ‘இதோ அளவு’ என்று காட்டும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த மனிதனை மட்டும் நம்புவது நல்லது என்று எண்ணிக்கொள்கிறேன்.

இது ஆங்கிலம் படிப்பவர்களைவிட நம்மை அதிகம் பாதிக்கிறது. மூலக் கட்டுரையைத் தேடிப் பார்க்கும் வாய்ப்பு நம் மாணவர்களில் பலருக்கு இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது படமும் அதன் அடியில் உள்ள இரண்டு வரியுந்தான். அந்த இரண்டு வரியைத் தமிழாக்கும்போது முதலில் உதிர்வது ஐயத்தைக் காட்டும் சொல். ‘தின்றிருக்கலாம்’ என்பது ‘தின்றது’ ஆகிறது. ‘8 மீட்டர் இருக்கக்கூடும்’ என்பது ‘8 மீட்டர் நீளமுடையது’ ஆகிறது. இடம் போதவில்லை என்பார்கள்; வாக்கியம் கம்பீரமாக இல்லை என்பார்கள். ‘லாம்’ என்னும் ஒரு விகுதிக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ‘போலும்’, ‘கூடும்’, ‘என்பர்’ என்று ஐயத்துக்கும் பிறர் கூற்றுக்கும் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கும் மொழி இது. அவற்றை அறிவியலில்தான் நாம் மிகவும் கஞ்சத்தனமாகச் செலவிடுகிறோம்.

தேர்விலும் இதன் விளைவு தெரிகிறது. படத்தைக் காட்டி உறுப்புகளைக் குறிக்கச் சொன்னால், மாணவர் சுருளுக்குக் கொடுக்கும் அதே உறுதியோடு துடுப்பையும் குறிக்கிறார். ஒன்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய கல். மற்றது ஒருவருடைய கருத்து. அறிவியலில் இவ்விரண்டையும் பிரித்தறிவதைக் கற்பிக்காமல் வேறு எதைக் கற்பிக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. கார்ப்பின்ஸ்கியின் எளிய கோடுகளை இன்றைய வண்ணப் படங்களைவிட நான் மேலாக மதிப்பதற்குக் காரணம் இதுவே. அவர் சுருளை வைத்த இடம் தவறு. ஆனால் அவருடைய படம் தன்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. இன்றைய படத்தில் சுருள் சரியான இடத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் அதே வண்ணத்தில், அதே உறுதியில், அதன் தயவில் உள்ளே நுழைந்துவிடுகிறது.

கல்லில் கண்டதை முழுக் கோட்டாலும், உறவு மீன்களிலிருந்து பெற்றதைப் புள்ளிக் கோட்டாலும் வரைவது பழைய நிலவியல் நூல்களில் உள்ள வழக்கந்தான்; நிலப்படங்களில் பாறைகளின் எல்லையை இன்றும் அவ்வாறே குறிக்கிறார்கள். அழகுக்காக வண்ணப் படம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கட்டும். பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கோட்டுப்படமும், அடியில் இப்படிச் சில வரிகளும் சேர்த்தால் போதும்: பற்சுருளும் தாடைகளும், ஐடஹோவில் 1950இல் கிடைத்த கல்லின்படி. துடுப்புகள், கனடாவில் கிடைத்த உறவு மீன்களின்படி. நீளம், கணிப்பு, 5 மீட்டரும் ஆகலாம், 8 மீட்டரும் ஆகலாம். நிறம், கண், தோலில் உள்ள புள்ளிகள், ஓவியர் விருப்பம்.